பாங்கோ பாங்கோவுக்கு ஒரு டிரங்க் கால்

22-7-74, திங்கள்

ஆடிக் காத்து. ஸ்கூல் கூரையில ரெண்டு ஓடு பறந்துபோச்சு. ஒன்னாப்பு முழுசையும் கூட்டிக்கிட்டு வேப்ப மரத்தடிக்குப் போனேன். அங்க கண்ணு, வாயெல்லாம் மண்ணு. பாடம் நடக்கல.

செய்ய வேண்டியது:
பாடக்குறிப்பு (இந்த நோட்டே அதுக்கு வாங்குனதுதான்)
அத்தைக்குக் கண் சொட்டு மருந்து
காயப்போட்ட மிளகாயில மண்ணு, புடைக்கணும்
இட்லிக்கு ஊறப்போடணும்

இதெல்லாம் மூணு மணி வரைக்கும். மூணு மணிக்குத் தந்தி.

நல்ல வேளை, வீட்டுக்குப் போகல, ஸ்கூலுக்கு வந்துச்சு. பள்ளத்தூர்ல தந்தின்னா முதல்ல அழுகை, அப்புறந்தான் படிக்கிறது. ஹெச்.எம். நாற்காலியை இழுத்துப்போட்டு, உக்காருங்க டீச்சர்ன்னாரு. அப்படிச் சொன்னதுலயே எனக்குப் பாதி உசுரு போச்சு. நின்னுக்கிட்டே பிரிச்சேன்.

மெட்ராஸ் கப்பல் ஏஜெண்டு அனுப்புனது. இங்கிலீஷ். அவுகளுக்குக் கால்ல அடி. கப்பல்ல இருந்து இறக்கி ஆஸ்பத்திரியில சேத்துருக்கு. ஊர் பேரு. விவரம் கடிதத்தில். அம்புட்டுத்தான். சாவு இல்ல. சாவு இல்லைன்னு உறுதியாகுற வரைக்கும் நாலு தடவை படிச்சேன்.

சரக்குக் கப்பல் ஃபிட்டருக்கு வாக்கப்பட்டவளுக்கு இது என்னைக்காவது வரும்னு தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய.

ஊர் பேரு: பி ஏ ஜி ஓ. கொஞ்சம் தள்ளி மறுபடியும் பி ஏ ஜி ஓ.

ஹெச்.எம். 'பேகோ பேகோ'ன்னாரு. அஞ்சாப்பு சார் 'பாஜோ'ன்னாரு. தந்தி அடிக்கிறவன் கைமறதியா ரெண்டு தடவை அடிச்சிருக்கான், ஒன்னை வெட்டிருங்கன்னு ஹெச்.எம். சிவப்பு மையை எடுத்துட்டாரு. எட்டி அவரு கையைப் புடிச்சிட்டேன். மனுசன் வெலவெலத்துப் போனாரு. எனக்கு வெக்கமே வரல. அவுக இருக்கிற ஊர், அதுல பாதிய இவரு வெட்டுறதா.

ஹைஸ்கூல்ல போய்ப் பெரிய அட்லஸ் கேட்டு வாங்கிப் பாத்தேன். பக்கம் பூராவும் நீலம். ஆஸ்திரேலியாவுக்கு அங்குட்டு, எதுக்கும் பக்கத்துல இல்லாம, கறுப்பா ஒரு பொட்டு. ஊரா, ஈ எச்சமான்னு தெரியல. நகத்தால சுரண்டுனேன். போகல. அப்ப ஊருதான். பக்கத்துல பொடி எழுத்துல ரெண்டு தடவைதான் போட்டுருக்கு.

அத்தைகிட்டச் சொல்லல. செல்லையாகிட்ட மட்டும் சொன்னேன், பஸ் ஸ்டாண்டுல, அவன் பஸ் நிக்கிற அஞ்சு நிமிசத்துல. அவுக தம்பி. காரைக்குடி ரூட்டுல கண்டக்டர். விசிலை வாயில வச்சவன் ஊத மறந்து நின்னான். டிரைவர்தான் ஹாரன் அடிச்சாரு.

23, செவ்வாய்

எக்ஸ்பிரஸ் தபால் வந்துருச்சு. ஏஜெண்டு ஆபீஸ் மேனேஜர் எழுதுனது. பாத்ரூம்ல வச்சுப் படிச்சேன்.

1. கப்பல்ல இரும்பு வடம் அறுந்து பாதத்துல அடிச்சிருக்கு.
2. கரை வர்ற வரைக்கும் பத்து நாள் கப்பல்லயே கட்டுப்போட்டு வச்சிருக்காங்க. பாவிக.
3. பாதம் கறுத்துப்போச்சு. முட்டிக்குக் கீழ எடுக்கணும்.
4. அவுக சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாக.
5. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் கெடு. அதுக்கு மேல விஷம் உடம்புல ஏறிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

அஞ்சாவதை எழுதுறப்ப நிப்பு வளைஞ்சிருச்சு. இது பென்சில்.

இன்னொன்னும் எழுதியிருக்கான் அந்த மேனேஜர். 'கையெழுத்துப் போடவும்'னு என் பேர்ல இவங்களே ஒரு தந்தி அடிச்சாங்களாம், அவசரத்துக்காக. அவுக அதைப் படிச்சிட்டு, இது நீங்களே அடிச்சது, என் வீட்டுக்காரி அனுப்புனது இல்லைன்னு கிழிச்சுப் போட்டுட்டாகளாம். அதனால நீங்களே டெலிபோனில் பேசி நம்ப வைக்கவும்னு முடிச்சிருக்கான்.

என் பேர்ல தந்தி அடிக்க இவன் யாரு? கோபத்துல கடுதாசியக் கசக்கிட்டேன், அப்புறம் பயந்து திரும்ப நீவி வச்சேன். ஆஸ்பத்திரி நம்பர் அதுலதான் இருக்கு.

அவுக நம்பாததுல தப்பே இல்ல. போன லீவுல சொன்னாக. கூட வேலை பாத்த மலையாளத்து ஃபிட்டர்கிட்ட ஆஸ்பத்திரிப் பேப்பர்னு சொல்லிக் கையெழுத்து வாங்குனாங்களாம். பாத்தா, நானாவே வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு எழுதுன பேப்பர். அதுல இருந்து எவன் பேப்பர் நீட்டுனாலும் அவுகளுக்குப் பாம்பு மாதிரி.

கையும் ஓடல, காலும்... சீ. இதையெல்லாம் எழுதக் கூடாது.

அத்தைகிட்ட வயித்து வலி, குடல்வால் ஆபரேசன்னு சொன்னேன். எந்த ஊர்லன்னாக. பேகோ பேகோன்னேன். என்னடி பேரு இது, பேயோட்டுறவன் உடுக்கை அடிக்கிற மாதிரின்னு சொல்லிட்டு, விளக்கேத்தி உக்காந்துட்டாக. பிள்ளையார்பட்டிக்கு வெள்ளிக்கிழமை வர்றதா நேந்துக்கிட்டாக.

அப்புறம் என்னைக் கூப்புட்டுப் பக்கத்துல உக்கார வச்சு ஒன்னு சொன்னாக. "இந்த நேரத்துல வாய் தவறி அவன் பேரச் சொல்லிப்புடாத."

அத்தை ஒரே ஒரு தடவை மாமா பேரைச் சொல்லியிருக்காக. ரேஷன் கூப்பன் எழுத வந்தவன் கேட்டான்னு, பக்கத்துல சொல்லிக்கொடுக்க ஆள் இல்லைன்னு. அந்த மாசமே மாமாவைக் கண்மாய்க் கரையில பாம்பு தொட்டுருச்சு. முப்பத்தோரு வயசு. செல்லையா கைக்குழந்தை.

நான் டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சவ. கூப்பனுக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கத் தெரியும். ஆனாலும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், ஒரு நாள் சொன்னதில்ல. இந்த நோட்டுல எழுதுனதில்ல. எழுதவும் மாட்டேன். பிள்ளை இருந்தா இன்னார் அப்பான்னு சொல்லி ஒப்பேத்தலாம். அதுவும் இல்ல.

24, புதன்

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துட்டுக் காரைக்குடி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சு. செல்லையாவும் வந்தான்.

பிலோமினான்னு ஒரு பொண்ணு, ஆபரேட்டர். காதுல மாட்டுறதை ஒரு பக்கம் தள்ளி வச்சுக்கிட்டு, எந்த ஊருக்குக் கால், மதுரையா மெட்ராஸான்னுச்சு. எழுதிக் காட்டுனேன். இப்படி ஒரு ஊரான்னு புஸ்தகத்தைப் புரட்டுனுச்சு. புஸ்தகத்துல இல்ல.

ஃபாரத்துல நாலு கட்டம். ஊர், நாடு, நம்பர், பேச வேண்டியவர் பெயர். மூணு எழுதிட்டு நாலாவதுக்குப் பேனாவைச் செல்லையாகிட்ட நீட்டுனேன். அவன் ஒன்னும் கேக்கல, எழுதுனான். பிலோமினா சிரிச்சுச்சு. வேதக்காரப் பொண்ணு, ஆனா அவ அம்மாவும் அப்படித்தானாம்.

அது மெட்ராஸுக்குச் சொன்னதைக் கேட்டுக்கிட்டே நின்னேன். பி ஃபார் பூனா. ஏ ஃபார் ஆக்ரா. ஜி ஃபார் குவாலியர். ஓ ஃபார் ஊட்டி. மறுபடியும் பூனா, ஆக்ரா, குவாலியர், ஊட்டி. மெட்ராஸ், ஏன் ரெண்டு தடவை சொல்றே, ஒரு தடவை சொன்னாக் கேக்காதான்னு எரிஞ்சு விழுந்திருக்கு. பேரே அப்படித்தாங்க மேடம்னு இது கெஞ்சுது. அப்புறம் காங்கோவான்னு கேட்டுச்சாம். அது ஆப்பிரிக்கான்னு நான் இங்கிருந்தே கத்துனேன்.

இந்தக் கால் பேர் சொல்லிப் பதியிற கால். எந்த ஆளோட பேரைக் கொடுத்தோமோ அவரு லைன்ல வந்தாத்தான் கால். வரலைன்னா ரத்து. ரத்தானா மறுபடி பதிஞ்சு, மறுபடி வரிசை, ரெண்டு நாளோ மூணு நாளோ. எனக்கு ஏது ரெண்டு நாள்.

பன்னெண்டு மணிக்குப் பம்பாய்ல இருந்து பதில். நாளைக் காலையில எட்டுக்கு மேல. கூடவே பம்பாய் அம்மா ஒன்னு சொல்லி அனுப்புனாகளாம். அந்த ஊர்ல ஜி-ன்னு எழுதுவாங்க, ஆனா வாசிக்கிறது வேற. பிலோமினா என்னைக் கூப்புட்டு மெதுவாச் சொல்லிக் காட்டுனுச்சு. "நம்ம ங இருக்குல்ல டீச்சர், அந்தச் சத்தம். பாங்கோ பாங்கோ."

பத்து வருஷமா ஒன்னாப்பு எடுக்குறேன். ங வரிசையில பன்னெண்டு எழுத்தையும் பிள்ளைகளைத் திட்டித் திட்டி எழுத வைக்கிறோம், ஒன்னுதான் வேலை பாக்குது, மிச்சம் பதினொன்னும் சும்மா உக்காந்து சோறு தின்னுது. அதுல ஒன்னுக்கு இன்னைக்கு வேலை வந்துருச்சு. 'ஙோ'. ஆனா முன்னாடி ஒரு ங் இருக்கணுமா, பின்னாடி க மாதிரி வரணுமா, அது தெரியல. தப்பாச் சொல்லி வேற ஊருக்குப் போட்டுட்டா?

வர்றப்ப பஸ்ஸுல வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு வந்தேன். பாங்கோ பாங்கோ. பாங்ஙோ பாங்ஙோ. பக்கத்துல இருந்த நாச்சியாபுரத்து அம்மா கூடையை எடுத்துக்கிட்டு வேற சீட்டுக்குப் போயிட்டாக. பின்னாடி சீட்டுல ரெண்டு பேரு பேசுனது:
"ஆடியில பொண்ணைக் கூட்டியாந்தாச்சா?"
"வந்துருச்சு. அவன் சும்மா இருப்பானா, நேத்தே சைக்கிள எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறான்."

சிரிச்சாக ரெண்டு பேரும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

25, வியாழன்

ஏழு மணிக்கே போயிட்டோம். எட்டு. ஒம்பது. பத்து. பம்பாய் வரைக்கும் லைன் இருக்கு, அங்குட்டு ஒன்னுமில்லங்குது. பதினொன்னு. பிலோமினா டீ வாங்கித் தந்துச்சு. குடிக்கல, ஆறிப்போச்சு. ஒரு மணிக்கு, இன்னைக்கு இனிமே இல்ல டீச்சர், அங்க எல்லாரும் தூங்கிருப்பாகன்னுச்சு. நாளைக்குப் போட்டுத் தாரேன்னுச்சு.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. கெடு முடியுது.

வெளிய வந்து செல்லையா முன்னாடியே அழுதுட்டேன். பஸ் ஸ்டாண்டுன்னு பாக்கல. அவன் கர்ச்சீப்பை நீட்டுனான். மதினி, அழாதீக, அண்ணன் பிடிவாதக்காரரு, ஆனா முட்டாளு இல்லன்னான்.

மத்தியானம் ஸ்கூலுக்கு வந்தேன். பிள்ளைக கத்துதுக, எனக்கு எதுவும் காதுல ஏறல. ஹைஸ்கூல் அட்லஸ் இன்னும் என் பெட்டியிலதான் இருக்கு. சும்மா விரிச்சு அந்தப் பொட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன். கடலுக்கு நடுவுல மேல இருந்து கீழ ஒரு கோடு, தேதி மாறுற கோடு. ட்ரெய்னிங்ல படிச்சது, பரீட்சைக்கு எழுதுனது, மறந்தது. பொட்டு கோட்டுக்கு அங்குட்டுப் பக்கம்.

விரல் விட்டு எண்ணுனேன். சிலேட்டுல போட்டேன். ஹெச்.எம்.கிட்டக் காட்டுனேன். அவரும் போட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒரே விடை. அங்க இன்னும் புதன்கிழமை. ராத்திரி. நாளைக்குக் காலையில நான் பேசுறப்ப அங்க வியாழன் சாயந்திரமா இருக்கும்.

ஒரு நாள் இருக்கு. கடவுளே, ஒரு நாள் இருக்கு. அப்படியே தூணைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தேன்.

அப்புறம் அடுத்த பயம். அந்த டாக்டர் சொன்ன வெள்ளி, அவரு ஊரு வெள்ளியா, மெட்ராஸ் மேனேஜர் வெள்ளியா?

நாளைக்குச் சொல்ல வேண்டியது (மனப்பாடம்):
ஹலோ சிஸ்டர். நான் இண்டியாவில் இருந்து பேசுகிறேன்.
என் கணவரைக் கூப்பிடவும்.
அவசரம். அவசரம்.
அவுகளுக்கு: தந்தி நான் அனுப்பல, ஆனா கையெழுத்துப் போடுங்க.

26, வெள்ளி

ஆடி வெள்ளி. அத்தை விடியும்போதே பக்கத்து வீட்டு ஆச்சியோட பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பிட்டாக. செல்லையாவுக்கு லீவு கொடுக்கல, கூட்டம் அதிகமாம். தனியாப் போனேன்.

எல்லாத்தையும் வரிசையா எழுதிறணும். மறந்துரும்னு பயமா இருக்கு.

ஒம்பது பத்து. பிலோமினா கையைக் காட்டுனுச்சு. கண்ணாடிக் கூண்டுக்குள்ள போய் ரிசீவரை எடுத்தேன். மெட்ராஸ் பேசுது. பம்பாய் பேசுது. அங்குட்டு ஒரு அமெரிக்காக்காரி. ரேடியோவுல ஸ்டேசன் தேடுறப்ப வருமே, அந்த இரைச்சல். அதுக்குள்ள எங்கயோ ஆழத்துல ஒரு பொம்பளைக் குரல், 'பாங்கோ பாங்கோ'ன்னுச்சு. நான் படிச்ச மாதிரியேதான்.

ஆஸ்பத்திரி வந்துச்சு. நர்ஸு. பம்பாய் அம்மா அவுக பேரைச் சொல்றாக. எனக்கே அது அவுக பேருன்னு தெரியல. செல்லையா எழுதி, பிலோமினா சொல்லி, மெட்ராஸ் வாங்கி, பம்பாய் வாங்கி, நாலு வாய் பட்டு நைஞ்சு போயிருந்துச்சு. அப்படி யாரும் இங்க இல்லைன்னு நர்ஸு சொல்லிருச்சு. ரத்துப் பண்ணவான்னாக பம்பாய் அம்மா.

நோ, நோன்னு கத்துனேன். அப்ப நீங்களே தெளிவாச் சொல்லுங்கம்மான்னாக.

திரும்பிப் பாத்தேன். கண்ணாடிக்கு வெளிய பிலோமினா வேற கால்ல பேசிக்கிட்டு இருக்கு. செல்லையா பஸ்ஸுல இருக்கான். அத்தை கோயில்ல இருக்காக. கூப்பன் எழுத வந்தவன் ஞாபகம்தான் வந்துச்சு. நான் சொல்லி, அதனாலயே நாளைக்கு ஆபரேசன்ல ஒன்னு ஆயிப்போச்சுன்னா? சொல்லாம விட்டு, விஷம் ஏறிருச்சுன்னா? ரெண்டு பக்கமும் அவுக உசுருதான். நேரம் ஓடுது.

சொன்னேன்.

சொன்னது நர்ஸுக்குக் கேக்கல. திரும்பச் சொன்னேன். அதுவும் கேக்கல. மூணாவது தடவை எக்ஸ்சேஞ்சே திரும்பிப் பாக்குற மாதிரி கத்துனேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒன்னும் ஆகல. சீலிங் ஃபேன் சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு.

ஆ, எஸ், எஸ்ன்னு நர்ஸு சந்தோசமாச் சொல்லிட்டு ரிசீவரை வச்சிட்டு நடந்து போச்சு. செருப்புச் சத்தம் தேஞ்சு போறது வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் இரைச்சல் மட்டும். அப்புறம் செருப்பு திரும்பி வருது. ஒத்தையா வருது.

வரமாட்டேங்கிறாராம். மெதுவா, எனக்குப் புரியுற மாதிரி சொல்லுச்சு, பாவம். உங்க மனைவி லைன்ல இருக்காங்க, உங்க பேரைச் சொல்லிக் கேக்குறாங்கன்னு சொல்லியிருக்கு. அதுக்கு அவுக சொன்னாகளாம், அப்ப அது என் மனைவி இல்ல. என் மனைவி என் பேரைச் சொல்லவே மாட்டா. கம்பெனிக்காரன் எவளையோ புடிச்சுப் பேச வைக்கிறான்.

பதினோரு வருஷம் பூட்டி வச்ச வாயி. இன்னைக்குத் திறந்தேன், திறந்ததாலயே நான் நான் இல்லைன்னு ஆயிப்போச்சு. சிரிப்பா வருது, அழுகையா வருது, அவுகளை ஓங்கி ஒன்னு வைக்கலாம் போல இருக்கு. இந்தச் சாமர்த்தியத்தை எல்லாம் மேனேஜர்கிட்டக் காட்டக் கூடாதா.

பம்பாய் அம்மா, ஆள் வர மறுக்கிறார், ரத்துப் பண்றேன்னாக.

ஒன் மினிட் மேடம், ஒன் மினிட் சிஸ்டர்ன்னு கெஞ்சுனேன். சிஸ்டர், போய் அவுக பக்கத்துல நின்னு நான் சொல்றபடி கூப்புடுங்க. பேர் வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை. என் பின்னாடியே சொல்லுங்கன்னேன். இங்கிலீஷ் எங்க இருந்து வந்துச்சோ. ஒன்னாப்பு டீச்சர் வேலை கை கொடுத்துச்சு.

"ஏ,"ன்னேன். "ஏ,"ன்னுச்சு.
"ங்க." "ங்க."

அப்படியே வந்துருச்சு. நம்ம பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் வர ஒரு வாரம் ஆகும். இதுக்குப் பொறந்த நாக்குலயே இருக்கு, ஊர் பேருலயே வச்சிருக்காகளே. ஏங்க. சேத்துச் சொல்லுங்க. ஏங்க. முதல்ல ஒரு தடவை சும்மா கூப்புடுங்க. திரும்பலைன்னா கொஞ்சம் இழுத்து, கோபமா, ஏங்ங்கன்னு கூப்புடுங்கன்னேன்.

நர்ஸு சிரிச்சுக்கிட்டே போச்சு. செருப்புச் சத்தம். அப்புறம் தூரத்துல, அந்தக் கடலுக்கு அங்குட்டு, முகம் தெரியாத ஒரு பொம்பளை என் வீட்டுக்காரரைக் கூப்புடுறது கேட்டுச்சு.

"ஏங்க."

ஒன்னும் இல்ல.

"ஏங்ங்க!"

ஏதோ கட்டில் கிறீச்சிட்டுச்சு. சக்கரம் உருளுற சத்தம். ரிசீவரை யாரோ எடுக்குறாக. மூச்சு. அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

"என்னத்தா?"

அழுதேன். அவுக, அழாத, அழாத, நேரம் போகுதுன்னாக. பாதிதான் கேக்குது, பாதி இரைச்சல். தந்தி நான் அனுப்பல, ஆனா இப்ப நான்தான் சொல்றேன், கையெழுத்துப் போடுங்கன்னேன். அந்தப் பேப்பரை நர்ஸை விட்டு வரி வரியா படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுப் போடுங்கன்னேன். இரைச்சல்தான் கேட்டுச்சு. லைன் போச்சோன்னு பதறிட்டேன். அப்புறம் மெதுவாச் சொன்னாக.

"ஒத்தக் கால வச்சுக்கிட்டு நான் அங்க வந்து என்னத்தா செய்வேன்?"

மனப்பாடம் பண்ணுனது ஒன்னும் வாயில இல்ல. என்ன வந்துச்சோ அதைச் சொன்னேன்.

"ரெண்டு கால வச்சுக்கிட்டு வருஷத்துக்கு இருபது நாளுதானே வீட்ல இருந்தீக. ஒத்தக் காலோட பூராவும் இருங்க."

அவுக அழுதாகளா சிரிச்சாகளான்னு தெரியல. மூக்கை உறிஞ்சுன சத்தம். போடுறேன்னாக. போட்டுர்றேன்டின்னாக. சாப்புட்டியான்னு கேட்டாக. மூணு நிமிசம் முடிஞ்சதுன்னு பம்பாய் அம்மா சொல்லி, லைன் போயிருச்சு.

சாப்புடலைன்னு சொல்லியிருக்கலாம்.

27, சனி

லீவு. காத்து குறைஞ்சிருக்கு. அங்க இப்பத்தான் வெள்ளிக்கிழமை.

மிளகாய் புடைச்சேன். துணி துவைச்சேன். துவைச்ச துணியை மறுபடி துவைச்சேன். அத்தை பிள்ளையார்பட்டித் திருநீறு பூசி விட்டாக. கூட்டத்தைப் பத்தியும் பஸ்ஸுல இடம் கிடைக்காததைப் பத்தியும் சொல்லிக்கிட்டே இருந்தாக. எனக்கு, நேத்து மூணு தடவை சொன்னேன், மூணு தடவை சொன்னேன்னே ஓடுது. படிச்சவ, டீச்சரு. எல்லாம் சரி. ராகுகாலம் எப்பன்னு காலண்டரைப் பாத்துட்டு வந்தேன். அந்த ஊருக்கு ராகுகாலம் எந்த நேரத்துல வரும்னு யாரைக் கேக்க.

வாசல்ல சைக்கிள் மணி அடிச்சா நெஞ்சு நின்னுபோகுது. பால்காரர். கோலமாவுக்காரர். மறுபடியும் பால்காரர், செம்பை மறந்துட்டாராம்.

தந்தி வரல.

28, ஞாயிறு

காலையில எட்டரை. தந்தி.

செல்லையா வீட்லதான் இருந்தான். அவனே வாங்குனான், பிரிக்கல, என்கிட்டக் கொடுத்தான். நான் படிச்சேன். ஆபரேசன் முடிந்தது. கால் எடுக்கப்பட்டது. உயிருக்கு ஆபத்து இல்லை. ரெண்டாவது தடவை படிச்சேன். ஆபத்து இல்லைன்னுதான் போட்டுருக்கு. செல்லையாகிட்டக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவனும் அப்படித்தான் படிச்சான். உக்காந்துட்டேன்.

அத்தை அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாக. அழுகல. தந்திக்காரர் போகுற வரைக்கும் நின்னாக. இனிமே மறைக்க முடியாது. எந்திரிச்சுப் போய்க் கையைப் புடிச்சு எல்லாத்தையும் சொன்னேன். உசுருக்கு ஒன்னும் இல்ல, முதல்ல அதைச் சொன்னேன். குடல்வால் இல்ல அத்தை, காலு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாக. டெலிபோன்ல பேசுனேன். பேரையும் சொல்லிட்டேன். எல்லாம் சொன்னேன். திட்டுவாகன்னு நின்னேன்.

அத்தை முந்தானையைத் திருகிக்கிட்டே இருந்தாக. அப்புறம் ஒன்னே ஒன்னு கேட்டாக.

"எந்தக் காலு?"

நான் செல்லையாவைப் பாத்தேன். அவன் தந்தியைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். மேனேஜர் கடுதாசியைத் தேடி எடுத்துட்டு வந்து பாத்தோம். அதுலயும் இல்ல. ஒரு வாரமா காலு, காலு, காலுன்னு அலையுறேன். எந்தக் காலுன்னு நான் கேக்கவே இல்ல.